அஞ்சாம் தேதியும் ஜூன் பன்னிரண்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



பத்து நாள் முன்பு சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், பசங்களுக்குப் பிரயோஜனமா பணத்தைப் பத்திப் பேசுங்க. ஒரு சாமான் வாங்கணும்னா ரொக்கமா வாங்குறதா, தவணையில வாங்குறதா, அதைச் சொல்லிடுங்க போதும்" என்றார். நான் 1981-ல் இங்கே வணிகவியல் முடித்து, வங்கியில் சேர்ந்து, பெரும்பாலும் இந்தத் தஞ்சை மண்ணிலேயே கிளை கிளையாக மாறி, கடன் கொடுத்தும் வசூலித்தும் ஓய்வு பெற்றவன். ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு என் அப்பா ஒரு பதில் வைத்திருந்தார். நான் வேலை பார்த்த வங்கி வேறொரு பதில் வைத்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நண்பனை நான் மாட்டிவிட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அந்த நண்பரும் இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன்.

முதலில் அப்பா. எங்களுக்கு ஆறு மா நிலம். தஞ்சாவூர் கணக்கில் இருபது மா ஒரு வேலி, ஒரு மா என்பது ஏறக்குறைய முப்பத்து மூன்று சென்ட். ஆக ரெண்டு ஏக்கர். வீட்டில் யார் எதைக் கேட்டாலும் அப்பாவிடமிருந்து வருகிற பதில் ஒன்றே ஒன்றுதான்: "தை பொறக்கட்டும், பாக்கலாம்." அம்மா ஒரு பித்தளை அண்டா கேட்டாலும் தை. அக்கா பட்டுப் பாவாடை கேட்டாலும் தை. நான் சைக்கிள் கேட்டபோதும் தை. சம்பா அறுத்து, களத்தில் அடித்து, நெல்லை அளந்து போட்டு, கையில் பணம் வந்த பிறகுதான் கடைத்தெருவுக்கே போவார். எண்ணிக் கொடுப்பார், சாமானைத் தூக்கிக்கொண்டு வருவார்.

இதில் ஒரு விஷயத்தை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். ஆடியில் கேட்ட பத்து சாமானில் தைக்குள் நாலைந்து ஆசை தானாகவே அடங்கிப் போயிருக்கும். உண்மையில் தேவையானது மட்டும்தான் தை வரைக்கும் உயிரோடு இருக்கும். காத்திருப்பதே ஒரு சல்லடை.

ஆனால் அப்பா கடனே வாங்காத உத்தமர் என்று நினைத்துவிடாதீர்கள். உரத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குவார். நடவுக் கூலிக்கு அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும், அறுவடை முடிந்ததும் திரும்பி வரும். விளைச்சலுக்குக் கடன் வாங்குவார், ஆசைக்கு வாங்க மாட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது நண்பர் கதைக்கு வருகிறேன். இதே கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சு. படிப்பு முடிந்ததும் நான் வேலைக்குப் போனேன், அவர் பன்னிரண்டு மா நிலத்துக்குப் போனார். 2012-ஆம் ஆண்டு மாசி மாதம், சம்பா நெல் போட்ட பணத்தோடு என் கிளைக்கு வந்தார். அறுபதாயிரம் ரூபாய்க்கு ஒரு மோட்டார் சைக்கிள் பார்த்து வைத்திருந்தார். பணத்தை எடுத்து ரொக்கமாகவே கொடுத்துவிடலாம் என்று வந்தவரை, நான்தான் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"ஏண்டா மொத்தப் பணத்தையும் இரும்புல போடறே? இருபதாயிரம் முன்பணம் கட்டு. மீதி நாப்பதாயிரத்துக்கு நான் கடன் போட்டுத் தர்றேன். ரெண்டு வருஷம். மாசம் 1,902 ரூபாய்தான். கையில இருக்கிற பணம் குறுவைச் செலவுக்கு ஆகும், பொண்ணு காலேஜ் சேர்றதுக்கு ஆகும்."

சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு நல்லதுதான் செய்கிறேன் என்று நம்பினேன். மார்ச் கணக்கு முடிவதற்குள் இத்தனை வாகனக் கடன் கொடுத்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து இலக்கு வந்திருந்ததும் உண்மை. ரெண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாதமும் அஞ்சாம் தேதி தவணை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

ஜூன் 12 வந்தது. மேட்டூர் அணை திறக்கவில்லை. ஜூலை போனது, ஆடிப்பெருக்கு போனது. செப்டம்பர் 17-ஆம் தேதிதான் தண்ணீர் விட்டார்கள். குறுவை போனது போனதுதான். பின்னால் போட்ட சம்பாவுக்கும் தண்ணீர் பற்றவில்லை, கதிர் வருகிற நேரத்தில் காய்ந்தது. பெண்ணின் கல்லூரிச் செலவுக்கும் நாற்றங்காலுக்கும் கையிருப்பு கரைந்துவிட்டது.

ஆனால் என் கிளையின் ஏட்டில் அவர் ஒரு தவணைகூடத் தவறவில்லை. மார்ச் தொடங்கி மாதாமாதம் அஞ்சாம் தேதி டாண் என்று பணம் வந்துகொண்டே இருந்தது. "பாருய்யா, விவசாயின்னா இப்படி இருக்கணும்" என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆகஸ்டிலிருந்து அந்தப் பணத்தை அவர் மூணு வட்டிக்கு வாங்கிக் கட்டினார் என்பது எனக்குத் தெரியாது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு முப்பத்தாறு. என் வங்கியின் பதின்மூன்று சதவீதக் கடனை அடைக்க, வெளியில் முப்பத்தாறு சதவீதக் கடன்.

2013 சித்திரையில் ஒரு நாள் வண்டியிலேயே வந்தார். சாவியை என் மேஜை மேல் வைத்தார். "இதை நீயே வித்து உன் கணக்கை முடிச்சுக்க" என்றார். பிறகு ஒன்று கேட்டார்: "அஞ்சாம் தேதின்னு எழுதினியே, மேட்டூர்ல தண்ணி திறக்கிறவங்ககிட்ட தேதி கேட்டுட்டா எழுதினே?"

என்னிடம் பதில் இல்லை.

வண்டி இருபத்தேழாயிரத்துக்குப் போனது. வங்கிப் பாக்கி இருபதாயிரத்துக்குச் சற்றுக் கீழே. அதைக் கழித்துக்கொண்டோம். மிச்சம் வந்ததை வைத்து மூணு வட்டிக் கடனில் பாதிகூட அடையவில்லை. மீதிப் பத்தாயிரத்துக்கு அவர் வீட்டு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. முன்பணம், கைப்பணத்தில் கட்டிய தவணைகள், இந்தப் பத்தாயிரம் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய நாற்பதாயிரம் ரூபாய் செலவு, கையில் வண்டி இல்லை. எங்கள் ஏட்டில் அந்தக் கணக்கு நேர்த்தியாக முடிந்தது. வாராக் கடன் என்று ஒரு பைசா இல்லை. அவர் வீட்டில்தான் முடியவில்லை.

நண்பர்களே, அவர் கேட்ட கேள்வியில்தான் நம் ஊருக்கான பதில் இருக்கிறது. தவணை என்பது ஒரு தேதி. நம் வருமானமும் ஒரு தேதிதான். இந்த இரண்டு தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. வட்டி எவ்வளவு என்பது இரண்டாவது.

1934-ல் மேட்டூர் அணை வந்தது முதல் ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்பது டெல்டாவின் பஞ்சாங்கம். ஆனால் 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்த ஜூன் 12 வரவே இல்லை. 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. 2018-ல் ஜூலை 19. 2019-ல் ஆகஸ்ட் 13. 2016-ல் வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டு, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. 2020-ல்தான் மறுபடி ஜூன் 12-இல் ஷட்டர் தூக்கினார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் மீண்டும் ஜூலை 28 ஆனது. 2025-ல் பழையபடி ஜூன் 12.

சரி, தண்ணீர் வந்து விளைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். குறுவை அறுக்கும்போது மழை பிடித்துக்கொள்ளும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டை களத்திலேயே கிடக்கும். தார்ப்பாயைப் போட்டு மூடிக்கொண்டு ராத்திரி பகலாகக் காவல் இருப்பவரிடம் போய், "அஞ்சாம் தேதி ஆச்சே" என்று செல்பேசியில் குறுஞ்செய்தி வரும். வருஷத்துக்கு ரெண்டு முறை, அதுவும் எப்போது என்று தெரியாமல் பணம் வருகிற குடும்பத்தின் தலையில், வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை தேதி தவறாமல் கட்டும் கடனை ஏற்றி வைத்தால் என்ன ஆகும்? நடுவில் இருக்கும் இடைவெளியை மூணு வட்டிக்காரர் வந்து நிரப்புவார்.

இந்தச் சூட்சுமம் நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் சுவரில் இருக்கும் எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல கல்வெட்டுகள் கடன் பத்திரங்கள்தான்! ராஜராஜன் காலத்தில் கோயிலுக்குக் கொடுத்த காசை ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விட்டிருக்கிறார்கள். வட்டிக்கு அன்றைய பெயர் பொலிசை. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, நம் கணக்கில் பன்னிரண்டரை சதவீதம். சில ஊர்கள் வட்டியை நெல்லாகவே அளந்தன. இதில் நான் கவனித்தது, வட்டியைப் பேசியது ஆண்டுக் கணக்கில் என்பதை. அறுவடைக்கு அறுவடைதான் நிலம் காசைப் பார்க்கும் என்று தெரிந்தவர்கள் எழுதிய ஒப்பந்தம் அது.

அதற்காகப் பழைய காலம் எல்லாமே பொன்னான காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஐப்பசியில் ஒரு கலம் நெல் வாங்கித் தின்றவர் தையில் ஒன்றரைக் கலமாக அளந்த கொடுமையும் இதே மண்ணில்தான் நடந்தது. கடன் கழுத்தை நெரித்ததால்தான் 1938-ல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தது. வாங்கிய பழைய கடனுக்கு அசலும் வட்டியுமாக இரண்டு மடங்கு கட்டியிருந்தால் அந்தக் கடன் முழுவதும் தீர்ந்தது என்றது அந்தச் சட்டம். கந்து வட்டி, மீட்டர் வட்டி இவற்றைத் தடுக்க 2003-ல் இன்னொரு சட்டம் வந்தது. சட்டத்துக்கு மேல் சட்டம் வருகிறது என்றால், நோய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் தவணை முறையே கெடுதலா? இல்லை. அது எங்கே பிறந்தது என்று பார்த்தால் அதன் குணம் புரியும். 1850-களில் அமெரிக்காவில் சிங்கர் கம்பெனி தையல் இயந்திரத்தைத் தவணையில் விற்க ஆரம்பித்தது. வாங்கியவர் அதே இயந்திரத்தில் துணி தைத்துச் சம்பாதித்துத் தவணையைக் கட்ட முடிந்தது. நம் சென்னையில் 1954-ல் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடங்கி லாரிக்கும் பஸ்ஸுக்கும் தவணைக் கடன் கொடுத்தது. பஸ் தினமும் ஓடும், தினமும் காசு கொண்டு வரும். வாங்கிய பொருளே தன் தவணையைத் தானே கட்டிக்கொள்ளும். மாதச் சம்பளக்காரருக்கும் அப்படித்தான்: ஒன்றாம் தேதி சம்பளம், அஞ்சாம் தேதி தவணை. தேதி ஒத்துப்போகிறது. நானே சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டி முடித்தவன். முழுப் பணமும் சேரட்டும் என்று காத்திருந்தால், ஓய்வு பெற்ற பிறகும் வாடகை வீட்டில்தான் இருந்திருப்பேன்.

கோளாறு எங்கே வந்தது? தையல் இயந்திரத்துக்குத் தைத்த சட்டையை எல்லாப் பொருளுக்கும், எல்லா மனிதருக்கும் மாட்டிவிட்டபோது வந்தது. நாங்கள் படித்த காலத்தில் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். கையில் பணம் இருந்தும் வண்டி கிடைக்காது. இன்றைக்கு வண்டி உடனே கிடைக்கிறது, பணம்தான் இல்லை. அந்த இடத்தைத் தவணை நிரப்புகிறது.

மாணவச் செல்வங்களே, இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வணிகவியல்காரன், கணக்கு போடாமல் விடமாட்டேன்.

ஒரு செல்பேசி, விலை 20,000 ரூபாய். "வட்டியே இல்லை, மாதம் 2,000 வீதம் பத்து மாதம்" என்கிறார் கடைக்காரர். நீங்கள் மெதுவாகக் கேளுங்கள்: "அண்ணே, இப்பவே மொத்தமா கொடுத்தா எவ்வளவு?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "18,800-க்குப் போட்டுத் தர்றேன் தம்பி" என்பார் என்று வைத்துக்கொள்வோம். அதுதான் அந்தப் பொருளின் உண்மையான விலை. தவணையில் வாங்கினால் 500 ரூபாய் பரிசீலனைக் கட்டணம், அதன்மேல் பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 590. ஆகத் தவணைக்காரர் கொடுப்பது 20,590. ரொக்கக்காரர் கொடுப்பது 18,800. நடுவில் 1,790 ரூபாய். முதல் மாதத்திலிருந்தே கடனைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இந்த "வட்டியில்லாக் கடனுக்கு" ஆண்டுக்கு ஏறக்குறைய 21 சதவீதம் வட்டி.

இன்னொன்று. 60,000 ரூபாய்க் கடன். "ஒரு வட்டிதான் சார், வருஷத்துக்குப் பன்னெண்டு சதவீதம்" என்பார்கள். இரண்டு ஆண்டுக்கு வட்டி 14,400. மொத்தம் 74,400. இருபத்து நாலு மாதத்துக்கு மாதம் 3,100. கேட்க நியாயமாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஒவ்வொரு மாதமும் அசலில் 2,500 திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். கடைசி மாதம் உங்களிடம் இருக்கும் அசல் வெறும் 2,500. அந்த மாதமும் வட்டி மட்டும் முழு அறுபதாயிரத்துக்கே, 600 ரூபாய்! குறைந்துவரும் பாக்கிக்குத்தான் வட்டி என்று போட்டுப் பார்த்தால் இதன் உண்மை வட்டி இருபத்தொன்றரை சதவீதத்தைத் தொடும். ஒன்று சைபர் என்று எழுதிய பலகை, இன்னொன்று பன்னிரண்டு என்று எழுதிய பலகை. ரெண்டுக்கும் பின்னால் இருப்பது ஏறக்குறைய ஒரே இருபத்தொன்று.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் எதுவானாலும் முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளை முன்கூட்டியே கடன் வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். கட்டணங்களையும் சேர்த்து, ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் என்று அதில் ஒரே எண்ணாக இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள், அந்த ஒரு எண்ணை மட்டும் பாருங்கள். மாதம் எவ்வளவு என்று கேட்பவரை விற்பனையாளருக்குப் பிடிக்கும். மொத்தம் எவ்வளவு என்று கேட்பவரைக் கண்டால் கொஞ்சம் பயம்.

"அப்படின்னா ரொக்கம்தான் சரி, சொல்லிட்டு உக்காருங்க சார்" என்று பின்வரிசையில் யாரோ நினைப்பது தெரிகிறது. அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. என் நண்பர் அன்றைக்கு அறுபதாயிரத்தையும் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜூன் மாதம் பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கப் பணம் இருந்திருக்காது. அப்போதும் அதே மூணு வட்டிக்காரர் வீட்டுக்குத்தான் போயிருப்பார். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிவிட்டு, "நான் கடனே வாங்கலை" என்று பெருமைப்படுவதில் அர்த்தம் இல்லை. கையில் இருக்கும் கடைசிக் காசைப் போட்டு ரொக்கமாக வாங்குவதும் ஒருவகைக் கடன்தான். நாளைக்கு வரப்போகிற ஆஸ்பத்திரிச் செலவிலிருந்து வாங்கிய கடன் அது. நகையை அடகு வைத்துப் பணம் கொண்டு வந்து, "ரொக்கத்துக்கு வாங்கினேன்" என்று சொல்பவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அவருக்கு இரண்டு நல்ல வழிகள் இருந்தன. ஒன்று, ஓடிக்கொண்டிருந்த பழைய மொபெட்டையே இன்னும் ஒரு வருஷம் ஓட்டுவது. அப்பாவின் பாஷையில், தை பொறக்கட்டும் என்பது. இரண்டாவது வழி என் கையில் இருந்தது. விவசாயிகளுக்கு அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை வைத்துக்கொள்ளலாம். என் படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் இருந்தது. நான் பழக்கதோஷத்தில் "மாதம்" என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அவர் கேட்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு உறுத்துவது அந்த ஒரு டிக் தான்.

ஆகவே, சாமான் வாங்கப் போகும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: என் பணம் வரும் தேதியும் தவணைத் தேதியும் ஒத்துப்போகுமா? விவசாயக் குடும்பமாக இருந்தால், அறுவடையை ஒட்டித் தவணை வையுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். 1998-ல் வந்த கிசான் கிரெடிட் கார்டில் பயிர்க்கடன் திருப்புவது அறுவடையை ஒட்டித்தான். டிராக்டருக்கு அரையாண்டுத் தவணை உண்டு. தேதி பொருந்தாத கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் மாவட்டம் பார்த்திருக்கிறது. 2016 மார்ச்சில், ஒரத்தநாடு பக்கம், தவணை பாக்கிக்காக டிராக்டரைப் பறிமுதல் செய்ய வந்த இடத்தில் ஒரு விவசாயி போலீசாரால் அடிக்கப்பட்ட காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர் வாங்கிய அசலைவிட அதிகமாகவே அதுவரை கட்டியிருந்தார்.

இரண்டாவது கேள்வி: இந்தப் பொருள் எனக்குச் சம்பாதித்துக் கொடுக்குமா, அல்லது இது இல்லாவிட்டால் என் வேலை கெடுமா? பவர் டில்லர், தையல் மெஷின், தொழிலுக்கு வேண்டிய கம்ப்யூட்டர், படிப்பு, குடியிருக்கும் வீடு இவற்றுக்குக் கடன் வாங்குவதில் தப்பில்லை. ஓடுகிற செல்பேசியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய செல்பேசி வாங்கவும், தீபாவளித் துணிக்கும் வேண்டாம்.

மூன்றாவது கேள்வி: இதை வாங்கிய பிறகு, வருமானமே வராவிட்டாலும் ஆறு மாதம் குடும்பம் ஓடுமா? ஓடாது என்றால் ரொக்கமும் வேண்டாம், தவணையும் வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள்.

பொறுத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்க வேண்டாம். தவணையை உங்களுக்கே கட்டுங்கள். அந்த 2,000 ரூபாயை மாதாமாதம் வங்கியில் தொடர் வைப்பில் போடுங்கள். பத்தாவது மாதம் 18,800 கையில் இருக்கும். கடையில் தவணைக்கு வாங்கியவர் பத்தாவது தவணை கட்டுகிற அதே மாதத்தில் நீங்கள் ரொக்கமாக வாங்கிவிடலாம், 1,790 ரூபாய் மிச்சம். ஒருவேளை அதற்குள் அந்த ஆசையே போயிருந்தால் 20,000 ரூபாயும் மிச்சம்! தெரியாதவர் நடத்தும் தீபாவளிச் சீட்டில் மட்டும் போட்டுவிட்டு என்னிடம் வந்து நிற்காதீர்கள்.

வேலை கிடைத்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சம்பளம் வந்ததும் வண்டி, செல்பேசி, கட்டில் என்று நாலு தவணை ஏறிவிடும். உங்கள் தேதி ஒத்துப்போகும், அதனால் சிரமம் தெரியாது. ஆனால் ஊரில் தண்ணீர் வராத வருஷத்தில் அப்பா உங்களுக்குப் போன் செய்வார். அவராக வாயைத் திறந்து கேட்க மாட்டார், "சும்மாத்தான் கூப்பிட்டேன்" என்பார். அன்றைக்கு உங்கள் சம்பளத்தில் தவணை போக என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. இந்த மண்ணிலிருந்து போன பிள்ளையின் மாதச் சம்பளம்தான் இந்த மண்ணுக்கு இன்றைக்கு இரண்டாவது மேட்டூர் அணை. அதன் தண்ணீரை முன்கூட்டியே கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

நண்பரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 2022-ல் சம்பா விற்ற பணத்தில் செகண்ட் ஹாண்டாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார், ரொக்கமாக. வாங்குவதற்கு முதல் நாள் என்னைத் தேடி வந்தார். "கடன் கேட்க வரலை, பயப்படாதே. வண்டி கண்டிஷனைப் பாக்கணும், கூட வா" என்றார். போனேன். விலை பேசி, பணத்தை எண்ணிக் கொடுத்து, அதே வண்டியில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வீட்டில் கொண்டுவந்து விட்டார். பழைய விஷயத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்றைக்கு இந்த மேடையில்தான் பேசுகிறேன்.

 வாசல் டீக்கடையில் பழைய பாக்கி வைத்திருப்பவர்கள் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகவும்.